இருமினால் கசிவு... நடந்தால் கவட்டில் வலி!

கல்யாண வீடு. பந்தியில் யாரோ ஒரு பெரியவர் வேடிக்கையாக ஏதோ சொல்ல, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கால்களை ஒட்டி வைத்தபடி நிற்கிறார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். கட்டியிருப்பது பட்டுப்புடவை. வீடு திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று அவர் கணவருக்குக்கூடத் தெரியாது.

அந்த அம்மா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நீங்களாகவேகூட இருக்கலாம்.

என்னிடம் வருகிறவர்களும் இதை முதலில் சொல்வதில்லை. மூட்டு வலி என்று வருவார்கள், மலச்சிக்கல் என்று வருவார்கள். நாடி பார்த்து, மருந்து எழுதி, பத்தியம் சொல்லி முடித்து, எழுந்து கதவு வரைக்கும் போன பிறகு திரும்பி நின்று, "டாக்டரம்மா, இன்னொண்ணு... இருமினா ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு வந்துடுது. நாலு பேர் மத்தியில நிக்க முடியலை" என்பார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டால், "சின்னவன் பொறந்ததுலேர்ந்து" என்று பதில் வரும். சின்னவன் இப்போது காலேஜில் படித்துக்கொண்டிருப்பான்!

கூட வந்த மாமியாரோ அக்காவோ, "மூணு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜந்தானே" என்று முடித்துவிடுவார்கள். சகஜம்தான். சொத்தைப் பல்கூடத்தான் சகஜம். அதற்காக யாராவது இருபது வருஷம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? பல பேருக்கு வருகிறது என்பது வேறு, பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்பது வேறு.

பெண்களோடும் இது நிற்பதில்லை. பிராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இளைஞர், புதிதாகக் கல்யாணமான பெண் என்று பலருக்கும் அந்த ஒரே இடத்தில்தான் கோளாறு. வெளியே தெரியும் விதம்தான் வேறு வேறு.

கயிற்றுக் கட்டிலும் இடுப்புக் கூடும்

நம் இடுப்பெலும்பு, அடிப்பாகம் இல்லாத கூடை மாதிரி. அந்த அடிப்பாகத்தை மூடியிருப்பவை தசைகள். முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிறதே, அந்த எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும், கயிற்றுக் கட்டிலில் கயிறு கட்டியது போல இந்தத் தசைகள் விரிந்திருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெளியே போகும் வழிகளும் இதன் ஊடாகத்தான் போகின்றன. பெண்களுக்கு மூன்று வாசல், ஆண்களுக்கு இரண்டு. தசை சுருங்கினால் வாசல் மூடும், தளர்ந்தால் திறக்கும்.

சித்த மருத்துவத்தில் பத்து வாயுக்கள் சொல்லப்படுகின்றன. அதில் அபானனுக்கு 'கீழ்நோக்குங்கால்' என்றே பெயர். மலம், சிறுநீர், மாதவிலக்கு, பிரசவம் என்று கீழ்நோக்கி வெளியேற வேண்டியவை எல்லாம் அபானன் பொறுப்பு. அதே போல, அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. மலமும் நீரும் அதில் இருக்கின்றன. பள்ளிக்கூட பாத்ரூமின் நாற்றம் தாங்காமல் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். நாற்பது வயதில் வரப்போகும் தொந்தரவுக்குப் பத்து வயதிலேயே அஸ்திவாரம் போட்டுவிடுகிறோம்.

சரி, கட்டிலுக்கு வருவோம். கயிற்றுக் கட்டிலில் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, கயிறு தொய்ந்து பள்ளம் விழுவது. இன்னொன்று, அளவுக்கு மீறி முறுக்கிக் கட்டிவிட்டு, படுத்தால் உடம்பெல்லாம் அறுப்பது. இடுப்பின் அடித்தளத் தசையும் அப்படியேதான். தொய்ந்தாலும் தொந்தரவு, இறுகினாலும் தொந்தரவு. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பக்கத்து வீட்டு மாமி சொன்னார், டி.வி.யில் பார்த்தேன் என்று எந்தப் பயிற்சியையாவது ஆரம்பிப்பதற்கு முன்னால், உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தொய்ந்துபோனால்...

பிரசவம் முக்கியமான காரணம். பெரிய குழந்தை, நீண்ட நேரம் முக்கியது, ஆயுதம் போட்டு எடுத்தது என்றால் தசையும் நரம்பும் அதிகமாக இழுபட்டிருக்கும். சிசேரியன் ஆனவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், பத்து மாதம் சுமந்த பாரம் அவர்களுக்கும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் அந்த இடத்துச் சதை மெலிந்துபோகும். இவற்றோடு வருஷக்கணக்கான மலச்சிக்கல், ஓயாத இருமல், ஊளைச் சதை, தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் தூக்குவது என்று ஒவ்வொன்றும் கட்டிலின் மேல் ஒரு மூட்டையை ஏற்றி வைத்த மாதிரிதான்.

இருமல் என்றதும் ஒரு விஷயம். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் (எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை) சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரை ஆரம்பித்த பிறகு இருமல் வந்து, இருமலோடு கசிவும் வந்தது என்றால், மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். வேறு மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொதிப்பு ஏறினால் ஆபத்து.

கசிவிலும் இரண்டு வகை. இருமினால், தும்மினால், கனம் தூக்கினால் ஒழுகுவது ஒரு வகை. இது தசையின் பலவீனம். இன்னொரு வகையில், வாசல் பூட்டில் சாவியை விடும்போதே முட்டிக்கொண்டு வரும், குழாய்ச் சத்தம் கேட்டாலே வரும், பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடும். இது மூத்திரப்பை அவசரப்படுவதால் வருவது. இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

கர்ப்பப்பை இறக்கம் மூன்றாவது. "கீழே ஏதோ பந்து மாதிரி தட்டுப்படுது, சாயங்காலமானா ஜாஸ்தியாகுது, படுத்தா உள்ளே போயிடுது" என்பார்கள். இடுப்பிலும் கவட்டிலும் பாரமாக இழுக்கும். புற்றுநோயோ என்று பயந்து யாரிடமும் காட்டாமலே இருப்பார்கள். பெரும்பாலும் அது கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ மலக்குடலோ சரிந்து வருவதுதான். ஆரம்ப நிலையில் பயிற்சியே போதும். அடுத்த நிலையில் பெண் மருத்துவர்கள் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இறங்கிவிட்டால் உடனே கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் நம் பெண்கள் செய்யும் முதல் வைத்தியம். என்னிடம் வந்த ஒரு டீச்சர் காலை ஏழு மணிக்கு அரை டம்ளர் காபியோடு சரி, மறுபடி சாயங்காலம்தான் தண்ணீர். என்ன ஆயிற்று? மூத்திரம் சுண்டி மஞ்சளாகி எரிச்சல் வந்தது. அந்தச் சுண்டிய நீரே மூத்திரப்பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தியது. குடல் வறண்டு மலம் கட்டியது, முக்கி முக்கித் தசை மேலும் தொய்ந்தது. குடிக்காததால் குறையவில்லை, கூடித்தான் போனது. ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு டம்ளர் தண்ணீர் அவசியம். குறைக்க வேண்டியது காபியையும் டீயையும்தான்.

இன்னொரு பக்கம், 'நீர்க்கோளாறு' என்று யாராவது சொன்னாலே நெருஞ்சில் முள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்ல மூலிகைகள்தான், நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அவை நீரைப் பெருக்குபவை. கல்லடைப்புக்கும் நீர்ச்சுருக்குக்கும் உரியவை. ஏற்கெனவே ஒழுகுகிற குழாய்க்கு மோட்டாரைப் போட்டுவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி எப்படி?

1948-ல் ஆர்னால்ட் கெகெல் என்ற அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த இந்தத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று எழுதினார். அவர் பெயராலேயே இன்றைக்கும் கெகெல் பயிற்சி என்கிறார்கள். நம் யோகத்தில் மூலபந்தம், அசுவினி முத்திரை என்று இருப்பவையும் இதே தசைகளைத்தான் இயக்குகின்றன. நோக்கம் வேறு, தசை ஒன்றுதான்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே காற்றுப் பிரியப் பார்க்கிறது, அதை அடக்க என்ன செய்வீர்கள்? அதே நேரத்தில் மூத்திரத்தையும் நிறுத்துகிற மாதிரி நினைத்து, அந்த இடத்தை உள்ளுக்கு இழுத்து மேலே தூக்குங்கள். வயிறு, பிட்டம், தொடை மூன்றும் சும்மா இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஆண்களுக்கு, விரை லேசாக மேலெழும்புவது தெரியும். மூன்று எண்ணும் வரை பிடித்து, முழுசாக விட்டுவிடுங்கள். பிடித்த நேரம் அளவுக்காவது விட்டிருக்க வேண்டும். ஒரு தடவைக்கு எட்டிலிருந்து பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. போகப்போகப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். கடைசியில் பத்து முறை வேகமாகச் சுருக்கி விடுங்கள், தும்மல் என்ன சொல்லிவிட்டா வருகிறது?

நிறையப் பேர் மேலே தூக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். இது கெடுதல். சந்தேகமாக இருந்தால் பெண் மருத்துவரிடமோ, இந்தப் பயிற்சி பழகிய பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகு என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைத் தினப் பயிற்சியாகச் செய்யவே கூடாது, பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. இங்கேதான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதோடு ஒரு சின்ன சூட்சுமம்: இருமல் வருகிறது, தும்மல் வருகிறது, குடம் தூக்கப் போகிறோம் என்று தெரிந்த உடனே முன்கூட்டியே தசையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன டீச்சருக்கு முதலில் கைகொடுத்தது இதுதான். பத்தாம் நாளே, "வகுப்புல தும்மினேன், ஒண்ணும் ஆகலை டாக்டரம்மா" என்று போன் செய்தார்.

அவசரமாக முட்டுகிற வகைக்கு மூத்திரப்பையைப் பழக்க வேண்டும். எத்தனை மணிக்குக் குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை போகிறவர் முதல் வாரம் ஒன்றேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை மணி என்று தள்ளிக்கொண்டே போய், மூன்று மணி நேரத்துக்கு வர வேண்டும். வேகத்தை அடக்கக் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். பை நிறைந்து வருவதுதான் வேகம். கால் பை நிறைவதற்குள் வருவது கெட்ட பழக்கம். 'எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்' என்று வாசலில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் போகிறோமே, அந்தப் பழக்கம்தான் பையைக் கெடுக்கிறது. ஆறு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். மூத்திரத்தில் எரிச்சல், இரத்தம், காய்ச்சல் இருந்தால் மட்டும் பயிற்சியை ஒத்திப்போட்டு முதலில் பரிசோதனை. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

இறுகிப்போனால்...

இதுதான் யாரும் பேசாத பக்கம். முப்பது முப்பத்தைந்து வயது ஆண். கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேர வேலை. மலவாய்க்கும் விரைக்கும் நடுவில் இனம் தெரியாத வலி, கவட்டிலும் உள்தொடையிலும் இழுப்பு, மூத்திரம் நின்று நின்று போவது, உட்கார்ந்தால் அதிகமாவது. பிராஸ்டேட்டில் கிருமி என்று மாற்றி மாற்றி ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார். பரிசோதனையில் கிருமியே இருக்காது. இப்படிப் பலருக்கு உண்மையான காரணம் அடித்தளத் தசை சுருங்கியபடியே பிடித்துக்கொண்டிருப்பதுதான். மனக் கவலையில் சிலருக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் வருமே, அது போல இங்கேயும் தன்னை அறியாமல் இறுக்கிக்கொள்கிறார்கள்.

புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு இது வேறு விதமாகத் தெரியும். தாம்பத்தியம் என்றாலே தாங்க முடியாத வலி. மாதங்கள் ஓடும். 'பயந்தாங்கொள்ளி', 'புருஷனைப் பிடிக்கலை போல' என்று வீட்டில் பேச்சு கிளம்பும். சில வீடுகளில் விவகாரம் வக்கீல் வரைக்கும் போய்விடுகிறது. அந்தப் பெண் வேண்டுமென்றே செய்வதில்லை. கண்ணுக்கு எதிரே விரலைக் கொண்டுபோனால் இமை தானாக மூடுகிற மாதிரி அந்தத் தசை மூடிக்கொள்கிறது. புண், கிருமி, கட்டி ஒன்றும் இல்லை என்று பெண் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, பொறுமையாகத் தளர்த்தும் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிறது. கணவரும் கூட வர வேண்டும். நான் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.

இவர்கள் கெகெல் பயிற்சி செய்தால் வலி கூடும். ஏற்கெனவே முறுக்கிய கயிற்றை இன்னும் முறுக்குவதுதானே அது? இவர்களுக்கு வேண்டியது விடுவது. தரையில் படுத்து, முழங்காலிலிருந்து கீழ்ப்பகுதியை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, வயிறு எழும்ப மெதுவாக மூச்சை இழுங்கள். மூச்சு உள்ளே வரும்போது அடித்தளமும் லேசாகக் கீழே இறங்கி மலரும். அதைக் கவனித்தபடி பத்து நிமிடம், காலையும் இரவும். பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து உட்காரும் பத்த கோணாசனம், குழந்தை மாதிரி குப்புறச் சுருண்டு படுக்கும் பாலாசனம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்து நடக்க வேண்டும்.

இடுப்புக் குளியல் இவர்களுக்கு நல்ல சுகம் தரும். அகலமான டப்பில் இளஞ்சூடான தண்ணீர், தொப்புளுக்குக் கீழே மூழ்கும் அளவுக்கு, பத்துப் பதினைந்து நிமிடம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காது, ஆகவே வீட்டில் இன்னொருவர் கை விட்டுப் பார்த்த பிறகே உட்காருங்கள். குளியலுக்கு முன் சிற்றாமுட்டித் தைலத்தை இடுப்பிலும் உள்தொடையிலும் லேசாகத் தடவிக்கொள்ளலாம். நொச்சி இலையும் ஆமணக்கு இலையும் வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் கவட்டில் வீக்கமோ கட்டியோ இருந்தால் எண்ணெயும் வேண்டாம், ஒற்றடமும் வேண்டாம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கவட்டு வலி எல்லாமே வாயு இல்லை

நம் வீடுகளில் இடுப்புக்குக் கீழே எங்கே வலித்தாலும் 'வாயு பிடிச்சிருக்கு' என்று ஓமத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். சித்த வைத்தியம் படித்த நான் வாயுவை மறுக்கப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கவட்டில் வலி என்றால் முதலில் வாயுவை மறந்துவிடுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன். நடு ராத்திரி திடீரென்று ஒரு பக்க விரையில் கடும் வலி, வாந்தி. வெட்கப்பட்டு 'அடி வயிறு வலிக்குதும்மா' என்றுதான் சொல்வான். விரை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்தால் விரை பெரும்பாலும் பிழைக்கும். சீரகத் தண்ணீர் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி, 'விடிஞ்சதும் போலாம்' என்று காத்திருந்து விரையைப் பறிகொடுத்த பையனை நான் பார்த்திருக்கிறேன். வயிற்று வலி என்று சொல்லும் பையனை 'கீழே வலிக்குதா?' என்று அப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இருமினால் கவட்டில் புடைத்து, படுத்தால் மறைகிறது என்றால் குடலிறக்கம். ஆண்களுக்கு அதிகம். வயதான, மெலிந்த பெண்களுக்குத் தொடை இடுக்கில் சின்னதாக வரும், நெறி கட்டியிருக்கிறது என்று ஏமாந்துபோவோம். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை மருந்தால் அடைபடாது. எந்த லேகியமும் அடைக்காது, பெல்ட்டும் அடைக்காது. 'ஆபரேஷன் இல்லாமல் குடலிறக்கம் குணமாகும்' என்று விளம்பரம் செய்பவர்களை நான் ஒப்புக்கொள்வதே இல்லை, அவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் சரி. புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்துவிட்டால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிற்றிலும் கவட்டிலும் வலி, தலைசுற்றல் என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். இதுவும் உயிர் விஷயம். முதுகு வலிக்காரருக்குத் திடீரென்று கால் பலம் குறைந்து, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்து, மூத்திரம் இறங்காமல் போனால் முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன. அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படலாம்.

மற்றவை இந்த அவசரம் இல்லாதவை. விலாவுக்குக் கீழிருந்து கவட்டுக்கு அலை அலையாக இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல். காலில் புண்ணோ நகச்சுற்றோ இருந்து கவட்டில் நெறி கட்டினால், புண் ஆறியதும் நெறியும் வற்றும், ஒரு மாதம் ஆகியும் வற்றாத நெறியைக் காட்டிவிட வேண்டும். கபடி, ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளுக்கு உள்தொடைத் தசை இழுபட்டிருக்கும், ஓய்வு போதும். அறுபது வயதுக்கு மேல் நடந்தால் கவட்டில் வலி, சம்மணம் போட முடியவில்லை, குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை என்றால் அது இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மூட்டு பக்கவாட்டில் இருக்கிறது, வலி முன்னால் கவட்டில் தெரிகிறது! ஒரு எக்ஸ்ரே எடுத்தால் விஷயம் விளங்கிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்கும், மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் நாற்பது வயதிலேயே இந்த மூட்டு கெட்டுப்போவதுண்டு.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை

தொய்வோ இறுக்கமோ, முதலில் மலச்சிக்கலைத் தீர்க்காமல் எந்த வைத்தியமும் எடுபடாது. கீரை, கொய்யா, அத்தி, உலர்ந்த திராட்சை, தவிடு நீக்காத அரிசி, போதிய தண்ணீர். போதவில்லை என்றால் இரவில் அரை டீஸ்பூன் திரிபலா சூரணம் வெந்நீரில். கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகச் சாப்பிடக் கூடாது. மாதாமாதம் விளக்கெண்ணெய் குடித்துப் பேதி போவதை நான் சிபாரிசு செய்வதில்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருகிறவர்கள் காலுக்குக் கீழே அரை அடி உயர மணைப்பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குந்தி உட்காருகிற பாவனை கிடைத்துவிடும், மூச்சைப் பிடித்து முக்க வேண்டியதில்லை. மூட்டு வலியால் குந்த முடியாத பெரியவர்களுக்கும் இது சௌகரியம்.

பருமனாக இருப்பவர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே கசிவு நன்றாகக் குறையும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த இடத்து வறட்சிக்கு ஆங்கில மருத்துவத்தில் ஹார்மோன் களிம்பு உண்டு, பெண் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள். சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று தயங்க வேண்டாம், ஆனால் இரண்டு பேரிடமும் எல்லா மருந்தையும் சொல்லிவிடுங்கள். அமுக்கரா சூரணம், பற்ப செந்தூரங்கள் எல்லாம் உடம்பைப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாளா? உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள், பிரசவ லேகியம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வயிற்றில் துணி கட்டுவதானால் மூச்சு முட்டும்படி இறுக்காதீர்கள், வயிற்றின் அழுத்தமெல்லாம் கீழே அடித்தளத்தின் மேல்தான் போய் இறங்கும். முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்க வேண்டாம், அது அரிசி மூட்டையாக இருந்தாலும் சரி, மூத்த குழந்தையாக இருந்தாலும் சரி. வலி குறைந்து, மூத்திரக் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு, முதல் வாரத்திலேயே படுத்தபடி மெதுவாகச் சுருக்கி விடும் பயிற்சியை ஆரம்பிக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மூன்று மாதம் கழித்தும் சிரித்தால் ஒழுகுகிறது என்றால், அடுத்த தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே அவளும் பெண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும்.